சாலையைப் படிக்கும் இரு கண்கள்: சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையின் நடைபாதையில் அரைமணி நேரம் நின்று நோக்குபவர், ஒரே சாலையை இருவகை மக்கள் இருவேறு முறைகளில் கடப்பதைக் காணலாம். வண்டி ஏதும் வாராத வெற்றுச் சாலையின் ஓரத்தில், எதிர்ப்புறக் கம்பத்தில் சிவப்பு மனிதன் ஒளிர்வதால் அசையாது நிற்பார் ஒருவர். அவர் பெரும்பாலும் இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரிடமிருந்து இருபதடி தள்ளி, வந்துகொண்டிருக்கும் டாக்சியின் ஓட்டுநரை நேரே நோக்கிக் கையை இலேசாக உயர்த்தியவாறு, விரையாமலும் தயங்காமலும் சாலையில் இறங்கி நடப்பார் மற்றொருவர். அவர் பெரும்பாலும் புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர் போன்ற மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வேலைக்கு வந்தவர். முன்னவரை ஒழுங்குடையவர் என்றும் பின்னவரை ஒழுங்கற்றவர் என்றும் வகுத்துவிடுவது எளிது. அன்றாடப் பேச்சில் அவ்வாறே வகுக்கப்படுகிறது. தமிழர்களாகிய நாமும் அவ்வாறு பேசத் தயங்குவதில்லை.

இவ்வேறுபாடு விதியை அறிதல், அறியாமை என்பதைப் பொறுத்ததன்று என்பது நம் கருத்து. சாலையில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் பயின்றிருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. சிற்றூரார் ஆளைப் பார்க்கிறார். பெருநகரார் குறியைப் பார்க்கிறார். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் வண்டிகள் சாலையின் இடப்புறமாகவே செல்கின்றன. ஆகவே திசைக் குழப்பம் என்னும் விளக்கம் இங்குப் பொருந்தாது. வேறு விளக்கம் தேவைப்படுகிறது.

போக்கும் வரத்தும்

'போக்குவரத்து' என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். போக்கு, வரத்து என்னும் இரு பெயர்களின் கூட்டாகிய இச்சொல்லில் வண்டி என்னும் பொருள் எங்கும் இல்லை. 'அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை' என்று சிற்றூரில் ஒருவர் கூறினால், சாலை அடைபட்டது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. நல்லது கெட்டதற்குச் சென்று வரும் உறவு முறிந்துவிட்டது என்பதே அதன் பொருள். வரத்து என்னும் சொல்லோ வளத்தைக் குறிப்பது. ஏரிக்கு நீர்வரத்து, சந்தைக்குக் காய்கறி வரத்து என்கிறோம்; வரத்துக் குறைந்தால் கவலையும் மிகுந்தால் மகிழ்ச்சியும் கொள்கிறோம். 'கடைத்தெருவில் இன்று நல்ல கூட்டம்' என்று சிற்றூர் வணிகர் கூறும்போது அந்த 'நல்ல' என்னும் அடை கருதத்தக்கது. அதே காட்சியைப் பெருநகரார் 'பயங்கர நெரிசல்' என்பார். ஒருவருக்குச் செழிப்பாகத் தோன்றுவது மற்றவருக்கு இழந்த நேரமாகத் தோன்றுகிறது.

ஆங்கிலச் சொல் ஒன்றின் வரலாறும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. விதிமீறிச் சாலையைக் கடப்பதைக் குறிக்கும் 'ஜேவாக்கிங்' என்னும் சொல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றியது. அதன் முற்பகுதியாகிய 'ஜே' என்பது அக்கால அமெரிக்கக் கொச்சை வழக்கில் பட்டிக்காட்டானைக் குறித்த வசைச் சொல். அதுவரை எல்லார்க்கும் பொதுவாயிருந்த தெரு, மோட்டார் வண்டிக்கே உரியதாக மாற்றப்பட்ட காலத்தில், மோட்டார் வணிகத்துறையினர் இவ்வசையைத் திட்டமிட்டுப் பரப்பினர் என்பதைப் பீட்டர் நார்ட்டன் என்னும் வரலாற்றறிஞர் 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபைட்டிங் டிராஃபிக்' என்னும் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். அதாவது, சாலையைக் கடப்பது குற்றமாவதற்கு முன்னரே, அது நாட்டுப்புறத்தானின் செயல் என்று நகைக்கப்பட்டது. பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தது போல என்று நம்மவர் நகைப்பதும் ஏறத்தாழ இதே நகைப்புத்தான். நம்முடையது பழமொழியாக நின்றுவிட்டது. அவர்களுடையதோ சட்டத்தின் வழக்குச் சொல்லாகிவிட்டது.

குறியின் நகரம்

சிங்கப்பூரில் சாலை என்பது அளந்து பகிரப்படும் பொருள். 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நகர மையத்திற்குள் நுழையும் கார்களுக்குக் கட்டண உரிமம் விதிக்கப்பட்டது. உலகில் இத்தகைய திட்டங்களுள் இதுவே முதலாவது. 1990இல் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது. கார் வாங்க விரும்புபவர் முதலில் பத்தாண்டு செல்லத்தக்க உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற வேண்டும்; பெரிய கார்களுக்கான சான்றிதழின் விலை 2023 அக்டோபரில் 150,000 வெள்ளியைத் தொட்டது. 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. விரைவுச்சாலைகளில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வேகமும், ஏனைய முதன்மைச் சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகமும் நிலைபெறும் வகையில் அக்கட்டணம் கூட்டியும் குறைத்தும் வகுக்கப்பட்டது. இங்கு ஒரு பொருள் மாற்றம் நிகழ்ந்திருப்பதைக் கவனிக்கலாம். நெரிசல் என்னும் சொல் உடலோடு உடல் நெருக்குண்பதைக் குறித்தது. தேர்த்திருவிழாவில் நாம் அறிந்தது அதுவே. இங்கு நெரிசல் என்பது குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழ் இறங்கிய ஓர் எண்ணாகும். எவரும் எவரையும் தொடாமலே நெரிசல் ஏற்பட்டுவிடுகிறது!

நடப்பவருக்கும் இவ்வாறே. கடவையிலிருந்து இருபுறமும் 50 மீட்டர் தொலைவுக்குள் வேறிடத்தில் சாலையைக் கடப்பது குற்றம். கம்பத்திலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை மனிதன் தோன்ற வேண்டும். அவன் விட்டு விட்டு ஒளிரத் தொடங்கினால் புதிதாக இறங்கலாகாது. ஊரிலிருந்து வந்தவர் பலர் இந்த விட்டு விட்டு ஒளிர்தலை 'விரைந்து வா' என்னும் அழைப்பாகப் படிப்பதை நாம் கண்டிருக்கிறோம். சாலையின் அடியில் புதைக்கப்பட்ட உணர்கருவிகள் வண்டிகளை எண்ணி விளக்குகளின் நேரத்தை மாற்றியமைக்கின்றன. 2009 முதல் முதியோர் தம் அட்டையைக் கருவியில் காட்டிப் பச்சை மனிதனின் நேரத்தைச் சில நொடிகள் நீட்டித்துக்கொள்ள இயல்கிறது. முதியவருக்குக் காட்டப்படும் இரக்கமும்கூட ஓட்டுநர் வழியாக அன்றிக் கருவி வழியாகவே வருகிறது. இதனைக் குறையாகக் கூறவில்லை. ஓட்டுநரின் இரக்கத்தை நம்பி நிற்பதைவிட இது மேலானது என்றே நாம் கருதுகிறோம்.

இத்தகைய நகர மனத்தை 1903ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியச் சமூகவியலறிஞர் கியோர்க் சிம்மெல் விளக்க முற்பட்டார். பெருநகரத்தில் தெருவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் புலன்களைத் தாக்கும் தூண்டல்கள் மிகுதி, அவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள நகர மனிதன் உணர்ச்சியால் எதிர்வினை ஆற்றாமல் அறிவால் கணக்கிடுகிறான், கடிகாரத்தை நம்புகிறான், முகங்களின்மீது அக்கறை இழக்கிறான் என்பது அவர்தம் கருத்தின் சாரம். 1970இல் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்டான்லி மில்கிராம் இதனையே மனத்தின் மேல் ஏறும் அளவு மீறிய சுமை என்று விளக்கினார். 2006ஆம் ஆண்டில் ரிச்சர்டு வைஸ்மன் 32 நகரங்களில் மக்கள் நடக்கும் வேகத்தை அளந்தபோது சிங்கப்பூரே முதலிடம் பெற்றது. 60 அடி தொலைவை இந்நகரத்தார் சராசரியாக 10.55 நொடிகளில் கடந்தனர். சிவப்பு மனிதனுக்காக அசையாது நிற்பவரும் உலகின் விரைவான நடையர்களுள் ஒருவர் என்பது சிந்திக்கத்தக்கது. அவர் நிற்பது பொறுமையால் அன்று. தம் முறை எந்த நொடியில் வரும் என்பதை அறிந்திருப்பதால்.

எனினும், சிம்மெலை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. மக்கள்தொகையே மனத்தை மாற்றுமெனில், சிங்கப்பூரைவிட மக்கள் மிகுந்த சென்னைப் பெருநகர மாந்தரும் குறியைப் படிப்பவர்களாக மாறியிருக்க வேண்டும். தியாகராய நகரில் அவ்வாறு எவரும் கூற மாட்டார். ஆகவே பருமை அன்று, குறியின்மீது கொண்ட நம்பிக்கையே இங்கு வேறுபாட்டைத் தோற்றுவிக்கிறது. குறி பொய்க்காத இடத்தில் மக்கள் குறியை நம்புகின்றனர். பொய்க்கும் இடத்தில் கண்ணை நம்புகின்றனர்.

ஆளின் சாலை

கண்ணை நம்பும் முறைக்கும் இலக்கணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர் மாணவர் சிலரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பழைய பேருந்து நிலையத்தின் அருகே சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. தேர்வுகளில் முதல்நிலை பெற்ற அம்மாணவர்கள் பத்து நிமிடங்கள் ஓரத்திலேயே நின்றனர். இடைவெளி வரும் என்று காத்திருந்தனர். அது வரவே இல்லை. அங்குப் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "பாத்துக்கிட்டே நின்னா வண்டி நிக்குமா தம்பி? கையக் காட்டிக்கிட்டு ஒரே சீரா நடங்க. ஓடாதீங்க. பாதியில மட்டும் திரும்பிடாதீங்க" என்று கூறியவாறே முன்னே நடந்தார். மாணவர்கள் அவர்தம் பின்னால் சென்றனர்.

அம்மூதாட்டி கூறிய மூன்று தொடர்களும் மூன்று விதிகள். கை காட்டுவது, நான் இறங்கிவிட்டேன் என்னும் அறிவிப்பு. சீராக நடப்பது, தாம் அடுத்த நொடியில் எங்கிருப்போம் என்பதை ஓட்டுநர் கணக்கிட உதவுவது. திரும்பாமை, அக்கணக்கைப் பொய்யாக்காமல் இருப்பது. ஓட்டுநரும் தம் பங்குக்கு ஒலியெழுப்பி 'நான் வருகிறேன்' என்கிறார். சரக்குந்துகளின் பின்புறத்தில் ஒலியெழுப்புமாறு வேண்டுகோளே எழுதப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அங்கு ஒலிப்பான் தன் வரவைக் கூறும் கருவி; சிங்கப்பூரிலோ அது வசைபாடும் கருவி. எனவேதான் தமிழகம் சென்ற சிங்கப்பூரர் தம்மை எல்லாரும் திட்டுவதாக உணர்கிறார். சிங்கப்பூர் வந்த சிற்றூராரோ, வண்டிகள் ஓசையின்றி வந்து நிற்பதைக் கண்டு தொடக்கத்தில் அஞ்சுகிறார்.

இவ்விலக்கணத்தைப் போற்றிப் பாட நாம் விரும்பவில்லை. அதன் விலை பெரிது. இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சின் அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 168,491 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அதே ஆண்டில் சிங்கப்பூரில் இறந்தவர்கள் 108 பேர். மக்கள்தொகை வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் தமிழ்நாட்டின் இழப்பு பத்து மடங்குக்கு மேற்பட்டது. கண்ணோடு கண் பேசும் முறை மாட்டு வண்டிக்கும் மிதிவண்டிக்கும் பொருந்தியது. அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் ஓட்டுநரோடு கண்ணால் பேச எவராலும் இயலாது. மொழி அழகியது என்பதால் அது எல்லாப் பொருளையும் உணர்த்திவிடும் என்று கொள்ளலாகாது.

திருவாரூர்த் தேரும் ரேஸ் கோர்ஸ் சாலையும்

இவ்விரு படிப்புகளும் மிகக் கூர்மையாக மோதுவது விபத்து நிகழும் நொடியில்தான். விபத்தைத் தமிழ் மரபு எவ்வாறு நோக்கியது என்பதற்கு மனுநீதிச் சோழன் கதையினும் சிறந்த சான்று இல்லை. சிலப்பதிகாரம் சுருங்கக் குறிப்பிடும் இக்கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் விரித்துரைக்கிறார். திருவாரூர் அரச வீதியில் இளவரசன் தேரூர்ந்து செல்கிறான். இளங்கன்று ஒன்று துள்ளி வந்து தேர்க்காலின் இடையே புகுந்து இறக்கிறது. அமைச்சர்கள் கழுவாய்ச் சடங்கு செய்தால் போதும் என்கின்றனர். இன்றைய வழக்கில் கூறுவதெனில், அவர்கள் நடைமுறையை எடுத்துக்காட்டினர். அரசன் அதை ஏற்கவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரைத் தானும் அடைவதே முறை எனக் கருதித் தன் மகன்மீது தேரைச் செலுத்துகிறான். கன்று தானே வந்து புகுந்தது என்பதை நூல் மறைக்கவில்லை; ஆயினும் அது தீர்ப்பை மாற்றவில்லை. விபத்து இங்கே ஓர் உயிருக்கும் மற்றோர் உயிருக்கும் இடையில் நேர்ந்த கடன். அதனைத் தீர்க்க வேண்டியவர் நேரில் நிற்க வேண்டும்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்குப் பின், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தொழிலாளர்களைத் தங்குவிடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழகத்தைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கலவரம் நீடித்தது. பல நூறு பேர் திரண்டனர். மீட்பு வண்டிகளும் காவல் வண்டிகளும் தாக்கப்பட்டன, சில எரிக்கப்பட்டன. மேனாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014 ஜூன் இறுதியில் அறிக்கை அளித்தது. வேலைச் சூழல் குறித்த மனக்குறை இதற்குக் காரணமன்று என்பது அக்குழுவின் முடிவு. விபத்தையும் மீட்புப் பணியையும் கூட்டத்தினர் தவறாகப் புரிந்துகொண்டமை, மது, தெருவிலேயே நீதி காணும் மனப்பாங்கு ஆகியவற்றை அது காரணங்களாகச் சுட்டியது. ஓட்டுநர்மீது பின்னர்க் குற்றம் சாட்டப்படவில்லை.

'தவறாகப் புரிந்துகொண்டமை' என்னும் தொடரின் அருகே நாம் சற்று நிற்க வேண்டும். அங்கு நின்றவர்கள் என்ன கண்டனர்? சிற்றூரில் பேருந்தின் அடியில் ஒருவர் சிக்கினால், அருகிலிருப்போர் அனைவரும் ஓடி வருவர். வண்டியைத் தூக்க முயல்வர். கிடைத்த வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு விரைவர். கூடுவதே அங்கு உதவி. பெருநகரத்தில் விலகி நிற்பதே உதவி. மீட்புப் பணியாளருக்கு இடம் வேண்டும். அன்றிரவு சிக்கியவரின் உயிர் முன்னரே பிரிந்துவிட்டது என்பதைக் கூட்டத்தினர் அறிந்திலர். அதிகாரிகள் கூட்டத்தை அப்புறப்படுத்துவதையும், ஓட்டுநரையும் பேருந்தின் நேரக் காப்பாளரையும் காத்து நிற்பதையும் மட்டுமே அவர்கள் கண்டனர். நடைமுறையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது முறையான செயல். ஆளைப் படிக்கும் கண்ணுக்கோ, அடிபட்டவனை விட்டு அடித்தவனைக் காக்கும் காட்சி. இரு சாராரும் தத்தம் மொழியில் பிழையின்றிப் படித்தனர். படித்த நூல்தான் வேறு.

இதனால் கல்லெறிந்தது சரி என்று ஆகிவிடாது. தொழிலாளருள் சிலரே முன்வந்து எறிந்தோரைத் தடுக்க முயன்றனர் என்பதும் பதிவாகியுள்ளது. ஆனால் 'தெரு நீதி' என்னும் பெயரை மட்டும் சூட்டி அமைதல் விளக்கம் ஆகாது. ஊரிலும் இம்மொழி மாறி வருகிறது என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். 2008இல் தமிழகத்தில் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைக் காவல்துறையோ மருத்துவமனையோ துன்புறுத்தலாகாது என்று 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம்பெற்றன. கூடி நின்று உதவும் பழைய வழக்கத்திற்குச் சட்டம் இவ்வாறு பாதுகாப்புத் தேட வேண்டியிருந்தது என்பதே, அவ்வழக்கமும் தளர்ந்திருந்தது என்பதற்குச் சான்று.

தமிழாசிரியரின் இடம்

இத்தொழிலாளர்கள் பல மாதங்கள் இங்கு வாழ்ந்த பின்னும் சிங்கப்பூர்ச் சாலையைப் படிக்கப் பழகாதது ஏன் என்று நண்பர் ஒருவர் வினவினார். அவர்கள் அச்சாலையை எங்கிருந்து காண்கின்றனர் என்பதே அதற்கு விடை. வார நாள்களில் அவர்களுள் பலர் தங்குவிடுதியிலிருந்து பணியிடத்திற்குச் சரக்குந்தின் பின்தட்டில் அமர்ந்து செல்கின்றனர். பொதுவாகச் சரக்குந்துத் தட்டில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தடை. பணிக்குச் சென்று வரும் தொழிலாளருக்கு மட்டும் விலக்கு உண்டு. அத்தட்டிலிருந்து நோக்குபவருக்கு முன்னே உள்ள விளக்குகளும் குறிகளும் தெரிவதில்லை. கடந்து வந்த சாலையும், பின்னால் வரும் கார்களின் முகப்புக் கண்ணாடிகளும் மட்டுமே தெரிகின்றன. அவர்களுட் பலர் நடப்பவராகச் சாலையைச் சந்திப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில், தேக்காவில்தான். வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே பேசப்படும் மொழியில் எவரும் தேர்ச்சி பெறுவதில்லை என்பதை மொழியாசிரியர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

2018 அக்டோபர் முதல் கட்டுமானத் துறைக்குப் புதிதாக வரும் தொழிலாளருக்கு அவர்தம் தாய்மொழியிலேயே அறிமுகப் பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது. தமிழும் அம்மொழிகளுள் ஒன்று. நல்ல முயற்சி. ஆயின் பொதுவாகச் சாலைப் பாதுகாப்புக்கென எழுதப்படும் தமிழ் வாசகங்களை நோக்கினால், அவை ஆங்கில அறிவிப்புகளின் நிழல்களாகவே உள்ளன. 'சாலையைக் கடக்காதீர்', 'அபராதம் விதிக்கப்படும்' என்பன போன்றவை ஏவலைத் தருகின்றனவேயன்றிக் காரணத்தைத் தருவதில்லை. ஊரில் ஓட்டுநர் எந்நேரமும் எவரேனும் குறுக்கே வரக்கூடும் என்று எதிர்பார்த்தே ஓட்டுகிறார். ஆடு வரலாம், குழந்தை வரலாம், பந்து வரலாம். இங்கு ஓட்டுநர் விளக்கை மட்டுமே எதிர்பார்க்கிறார். கை காட்டினாலும் அவர் அதனைப் படிக்கப் பயின்றவர் அல்லர். புதிதாக வந்தவர் அறிய வேண்டிய ஒரே செய்தி இதுதான். இதனை எந்த அறிவிப்புப் பலகையிலும் நாம் இதுவரை கண்டதில்லை.

'ஜேவாக்கிங்' என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் வேண்டும் என்று பயிலரங்குகளில் அவ்வப்போது கேட்கப்படுகிறது. அச்சொல்லின் உள்ளே ஒளிந்திருக்கும் வசையையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டியதில்லை. 'விதிமீறிக் கடத்தல்' என்னும் வெள்ளைத் தொடரே போதும். கடவையின் அருகே வைப்பதற்கு ஒரு தமிழ் வாசகம் எழுதித் தருமாறு நம்மைக் கேட்டால், 'இங்கே வண்டியோட்டி உங்களை எதிர்பார்த்திருக்கவில்லை. பச்சை மனிதனையே எதிர்பார்த்திருக்கிறார்' என்று எழுதுவோம். பலகைக்கு அது சற்று நீளம்தான்.